வளைவின் உள்பக்கம்

சாலையோரத்தில் களைக்கொல்லி தெளிப்பவர்களுக்குப் பின்னால் நடப்பதுதான் இப்போது என் வேலை. அதற்கு முன் பல ஆண்டுகள் ஒரு நாளிதழுக்கு ராமநாதபுரத்திலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மாவட்டப் பக்கங்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். சாலைப் பராமரிப்பை மேற்பார்வையிடும் நிறுவனம் ஒன்றுக்கு, அறிக்கை எழுதவும் ஊர்க்காரர்களிடம் பேசவும் ஒரு ஆள் தேவைப்பட்டது. பயிற்சி கொடுத்தார்கள். மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலப்பது, எந்தக் காற்றில் நிறுத்துவது, ஊருணியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்பதெல்லாம் அதில் இருந்தன. மனப்பாடம் செய்துகொண்டேன். வேலை பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

கீழக்கரைப் பக்கம் காலையில்தான் மருந்து அடிக்க முடியும். வெயில் ஏறியதும் கடல்காற்று எழும்பிவிடும். தெளிப்பவர்கள் நான்கு பேர். அவர்களுக்கு மேஸ்திரி கமுதிப் பக்கத்துக்காரர். மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் மருந்து அடித்துப் பழகியவர். தண்ணீர் நிறத்தில் இருக்கும் மருந்தை எங்கே அடித்தோம், எங்கே விட்டோம் என்று தெரியாது என்பதால், டேங்கில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கொஞ்சம் ஊற்றிக்கொள்வார். அடித்த இடமெல்லாம் வெளிர்நீலமாக இருக்கும். "வேட்டிக்கும் ஆச்சு, வேலிக்கும் ஆச்சு" என்பார்.

எங்களுக்குள் இன்னொரு ஏற்பாடு இருந்தது. முதல் நாளே நான் அந்த வழியாக நடந்து, கொல்ல வேண்டிய கருவேலங்கட்டைகளிலும் புதர்களிலும் சுண்ணாம்பு அடித்துவிடுவேன். மறுநாள் சுண்ணாம்பு தெரிகிற இடத்தில் அவர்கள் நின்று நன்றாக நனைப்பார்கள். மற்ற இடங்களில் லேசாக வீசிக்கொண்டே போவார்கள். சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது. வெட்டிய கட்டையிலிருந்து ஒரு மழைக்கே தளிர்த்துவிடும்.

அந்த வளைவு கீழக்கரைக்குப் போகும் வழியில் இருக்கிறது. உள்பக்கம் முழுக்கக் கருவேலம் மண்டியிருந்தது. தெற்கிலிருந்து வருகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. எங்களுக்கு முன்னால் வந்த ஆட்கள் அதை வெட்டிவிட்டிருந்தார்கள், கட்டைகள் தளிர்த்து நின்றன. வளைவின் மறுபுறம் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. ஒரு கம்ப்ரசர், தண்ணீர்த் தொட்டி, தொங்கவிட்ட பழைய டயர்கள், அவ்வளவுதான். கடைக்காரர் சவுதியில் பல வருஷம் லாரி மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். எல்லோரும் அவரைப் பாய் என்றார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

அவருடைய மகன் அந்த வளைவில் இறந்தான். பத்தொன்பது வயது. கடைக்கு டியூப் வாங்கிக்கொண்டு பைக்கில் வந்தவன்மீது, லாரியை முந்திய சுற்றுலா வேன் மோதியது. ராமேஸ்வரம் போய்விட்டு வந்த வேன். இதை மேஸ்திரி எனக்குச் சொன்னார். நாளிதழில் இருந்தபோது இப்படிப்பட்ட விபத்துக்கு ஐந்து வரி ஒதுக்குவோம். வேனில் வந்தவர்களும் காயப்பட்டிருந்தால் எட்டு வரி. மேஸ்திரி சொல்லச் சொல்ல, அந்த ஐந்து வரியை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

நான் சுண்ணாம்பு அடிக்கப் போனது ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல். பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார், கடை பூட்டியிருந்தது. கருவேலங்கட்டைகளுக்குக் குறி போட்டேன். இடையில் முழங்கால் உயரத்துக்குப் புல் இருந்தது. புல்லுக்குக் குறி தேவையில்லை என்பதால் அதற்குள் இறங்கவில்லை.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் வளைவை முடித்து ஓரமாக உட்கார்ந்து பீடி பற்றவைத்திருந்தார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"என்ன மேடம், புல்லுக்குள்ளயெல்லாம் கல்லைப் போட்டுச் சுண்ணாம்பு அடிச்சு வச்சுருக்கீக? கட்டையே இல்லாத எடத்துல?"

"நான் போடலையே."

"அப்பப் பேய் போட்டுச்சா? வரிசையா இருந்துச்சு. ஒண்ணு விடாமக் குளிப்பாட்டிட்டோம்."

போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த கற்கள் ஒரே இடைவெளியில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் புல் நீலமாக நனைந்திருந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு தாள் மட்டும் மற்றவற்றைவிட அகலமாக, விறைப்பாக, மடிப்பு மடிப்பாக நின்றது. பனங்கன்று. முளைத்த முதல் சில ஆண்டுகள் பனைக்கு விசிறி ஓலை வராது. ஒற்றை ஓலை புல் மாதிரியே நிற்கும்.

கடைப்பக்கமிருந்து பாய் சாலையைக் கடந்து வந்தார். வேகமாக வரவில்லை. வரிசையின் தொடக்கத்தில் நின்று பார்த்தார்.

"இதையா அடிச்சீங்க?" என்றார்.

"பாய், சுண்ணாம்பு இருந்துச்சுல்ல?" என்றார் மேஸ்திரி.

"இருந்துச்சுல்லன்னா? உங்களுக்குத் தெரியணும்னுதானே நான் அடிச்சேன்! மருந்தடிக்க வாராங்கன்னு டீக்கடையில சொன்னாங்க. நேத்து சாயங்காலம் அசர் தொழுதுட்டு வந்து ஒவ்வொரு பனங்கண்ணுக்கும் ஒரு கல்லு வச்சேன். மிதிக்காம, அடிக்காமப் போவீங்கன்னு."

மேஸ்திரி ஆட்கள் பக்கம் திரும்பி, "ஏலே, கல்லைப் பாத்தா மனுசன் எதுக்கு வச்சுருக்கான்னு யோசிக்க மாட்டியளா?" என்று கத்தினார். ஒருவன், "நீங்கதானண்ணே வெள்ளை தெரிஞ்சா ஊத்துன்னீங்க" என்றான். அது உண்மைதான்.

பாய் என்னைப் பார்த்துக் கேட்டார். "தங்கச்சி, இது செத்துருமா?"

கன்றுகள் பச்சையாக நின்றன. இந்த மருந்து இலை வழியாக உள்ளே இறங்கி வேர்வரை போக நேரம் எடுக்கும். அடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. "உடனே கழுவினால் சிலது பிழைக்கலாம்" என்றேன். எல்லாம் பிழைக்கும் என்று சொல்லவில்லை.

எங்கள் வண்டியில் கை கழுவ வைத்திருந்த தண்ணீர் முதலில் தீர்ந்தது. பிறகு பாய் கடையில் டியூப் முக்கும் தொட்டித் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்தார். மேஸ்திரி கையுறையைச் சரிசெய்துகொண்டு குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு ஓலையையும் இரண்டு விரலால் பிடித்துக் கீழிருந்து மேலாக உருவிக் கழுவினார். "எங்க வீட்டுப் பிள்ளைகளைக்கூட இப்படிக் குளுப்பாட்டுனதில்ல பாய்" என்றார். பாய் சிரிக்கவில்லை. நீலம் கரைந்து மண்ணில் இறங்கியது.

கழுவி முடித்த பிறகு பாய் டீ வாங்கிக்கொடுத்தார். அப்போதுதான் சொன்னார்.

"மவன் மவுத்தானப்புறம் அவன் பேருல ஒரு போர் போட்டுக் குடுக்கலாம்னு நெனச்சேன். இங்க உப்புத் தண்ணிதான் வருது. அப்பறம் பள்ளிவாசல் அசரத்துட்டக் கேட்டேன். மரம் வச்சா, அதுல ஒரு பறவை கொத்தித் தின்னாலும் அந்த நன்மை கபுருக்குழியில இருக்கவனுக்குப் போய்ச் சேரும்னாரு. மத்த மரம்னா தண்ணி ஊத்தணும். பனைக்கு வேணாம். அதான் வெதையைக் கொண்டாந்து ஊனுனேன். முப்பது போட்டதுல இவ்வளவுதான் வந்துச்சு."

டீயில் சர்க்கரை அதிகம் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

"இந்தக் கருவேலத்தை அடிக்கச் சொல்லி நான் ஏறாத ஆபீஸ் இல்ல தங்கச்சி. இதை மட்டும் வேரோட கொன்னுருங்க. இது நின்னதாலதான் அவனுக்கு வேன் தெரியல."

அன்றைய அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். சாயங்காலம் பொறியாளர் அழைத்தார்.

"பனங்கன்னு எந்தப் பக்கம் மேடம்? வளைவுக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கம்."

"அப்ப எதுக்குக் கழுவுனீங்க?"

"கேட்காமல் அடித்துவிட்டோம் சார்."

"கேட்டாலும் அடிக்கத்தான் வேணும். உள்பக்கத்துல புல்லைத் தவிர எதுவும் நிக்கக் கூடாது. இன்னும் அஞ்சாறு வருஷத்துல வடலியா விரிஞ்சு சாலையை மறைக்கும். அப்பக் கருவேலத்தை மட்டும் எதுக்குச் சார் எடுத்தீங்கன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். அவர்கிட்டப் பேசுங்க. பக்குவமாப் பேசுங்க. அடுத்த சுற்றுல முடிச்சிருங்க."

அவர் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பனை மரமாக எழும்பிவிட்டால் அடித்தூர் மட்டும்தான் சாலையோரத்தில் நிற்கும், ஓலையெல்லாம் மேலே போய்விடும். ஆனால் அதற்கு முன்னால் பல ஆண்டுகள் அது தரையோடு விரிந்த வடலியாக நிற்கும். ஓட்டுகிறவரின் கண் உயரத்துக்கு. பிடுங்கி வேறு இடத்தில் வைக்கவும் முடியாது. ஓலை ஒரு சாண் மேலே தெரிந்தால் கிழங்கு அதைவிட ஆழத்தில் இருக்கும்.

அடுத்த சுற்று வருவதற்குள் கருவேலங்கட்டைகள் சாம்பல் நிறமாகிவிட்டன. கன்றுகளில் பாதிக்கு மேல் நுனியிலிருந்து மஞ்சளாகிக் காய்ந்தன. பாய் ஒவ்வொன்றின் குருத்தையும் மெல்ல இழுத்துப் பார்த்து வைத்திருந்தார். கையோடு வந்தால் செத்தது. வராதவை ஐந்து. அவற்றின் பக்கத்தில் இருந்த கற்களை மட்டும் விட்டுவிட்டு மற்றக் கற்களைக் கடை வாசலில் அடுக்கியிருந்தார். சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டிருந்தார்.

பொறியாளர் சொன்னதை அவரிடம் சொன்னேன். பக்குவமாகச் சொன்னேனா என்று தெரியாது. யார் சொன்னது, என்ன சொன்னார், ஏன் சொன்னார் என்ற வரிசையில் சொன்னேன். எனக்கு அப்படித்தான் வரும்.

மேஸ்திரி இடையில் புகுந்தார். "மேடம், அஞ்சே அஞ்சு. ஆபீஸ்ல இருக்கவுக இங்கன வந்து எண்ணவா போறாக?"

பாய் கடைக்குப் பின்னால் கண்மாய்க்கரைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் இரண்டு வடலி ஓலைகளை மட்டையோடு வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். விசிறி விசிறியாக, ஒரு ஆள் கையை விரித்த அகலம். ஒன்றை மேஸ்திரியிடம் கொடுத்தார்.

"இந்தக் கண்ணுக்கு நேரா நட்டுப் பிடிங்க மேஸ்திரி. நான் அடுத்த கண்ணுக்கு நேரா பிடிக்கிறேன். தங்கச்சி, நீங்க ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு அங்கன பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வாங்க. அவன் அந்தப் பக்கமிருந்துதான் வந்தான்."

"எதுக்கு?"

"எதுத்தாப்புல வர்ற வண்டி தெரியுதான்னு பாத்துச் சொல்லுங்க. மெதுவா வாங்க. அவன் மெதுவா வரல. நீங்க மெதுவா வாங்க."

போனேன். பாலத்தில் திரும்பினேன். வளைவுக்கு வரும்போது சாலையின் இடது ஓரத்தில் இரண்டு ஓலைகள் நின்றன. ஒன்றின் கீழே மேஸ்திரியின் ரப்பர் செருப்பு தெரிந்தது. இன்னொன்றின் மட்டையைப் பிடித்திருந்த கை தெரிந்தது. ஓலைக்கு அப்பால் சாலை இருக்க வேண்டிய இடத்தில் பச்சை மட்டும் இருந்தது. பிறகு அந்தப் பச்சையின் ஓரத்திலிருந்து ஒரு மீன் வண்டியின் முன்கண்ணாடி வெளியே வந்தது. வந்தபோதே பக்கத்தில் இருந்தது. அது ஹாரன் அடித்துக்கொண்டு தன் பக்கத்திலேயே என்னைத் தாண்டிப் போனது. ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.

வண்டியை நிறுத்தினேன். பாய் ஓலையை இறக்கவில்லை. அதற்குப் பின்னாலிருந்தே கேட்டார்.

"தெரிஞ்சுச்சா?"

இந்த இடத்தில் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். மேஸ்திரி தன் ஓலைக்கு மேலாக எட்டி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்படிச் சொல்லுங்கள் என்பதற்கான ஆட்டல் அது.

"பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது" என்றேன்.

பாய் ஓலையைக் கீழே கிடத்தினார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"அடிச்சுருங்க மேஸ்திரி."

"பாய், இன்னைக்கு வேணாம். காத்து வேற இருக்கு. பெறகு ஒருநா வாரோம்."

"காற்று இல்லை" என்றேன். இல்லைதான். மேஸ்திரி என்னை ஒரு தரம் பார்த்தார். அதன் பிறகு அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை.

ஆட்களை அனுப்பாமல் தானே டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டார். நீலம் கலக்கவில்லை. பாயைத் தள்ளி நிற்கச் சொன்னேன், அது விதி. அவர் சாலையின் நடுக்கோடு வரை தள்ளி நின்று கையை நீட்டிக் காட்டினார். "இங்கன ஒண்ணு." மேஸ்திரி அடித்தார். "அங்கன, அந்தக் கல்லுக்குத் தெக்க." மேஸ்திரி அடித்தார். வண்டி வரும்போதெல்லாம் பாய் ஓரத்துக்குப் போய், அது போனதும் திரும்ப அதே இடத்துக்கு வந்து நின்றார்.

நான்காவதை முடித்துவிட்டு மேஸ்திரி குழாயை மூடி, பம்பை நிறுத்தி, டேங்கின் வாரைத் தளர்த்தத் தொடங்கினார். ஐந்தாவதை அவர் பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

"மேஸ்திரி," என்று பாய் கூப்பிட்டார். "அந்தா இன்னொண்ணு இருக்கு பாருங்க."