பேசாத பேச்சுக்குச் சம்பளம்

மலாயா விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்கு அடுத்த வருடம் மலாக்காவில் ஒரு வானொலிக் கிளையில் குமாஸ்தாவாக இருந்தேன். தமிழ்ப் பகுதியில் பேசியவர்களுக்குப் பணம் கொடுத்த ரசீதுகளில் முத்திரை குத்துவது என் வேலை. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று கர்வம் வேறு.

பணத்தை வாங்கிப்போய் வீடு வீடாகக் கொடுத்துவருவதாகச் சொன்னவர், பினாங்கிலிருந்து மாற்றலாகி வந்த எங்கள் பகுதித் தலைவர். ஒலிபரப்பே ஆகாத பேச்சுகளுக்குப் பணம் போயிருப்பதை மேலிடம் கண்டுபிடித்ததும், அவர் கூசாமல் என்னைக் கைகாட்டினார். முத்திரை என்னுடையதாயிற்றே. வேலை போவதோடு ஜெயிலும் உண்டு என்று அலுவலகமே பேசிக்கொண்டது.

தணிக்கைக்கு வந்தவர் ஒல்லியான தமிழர். வேறு யாராவது என்றால் என்னை உட்காரவைத்து உருட்டி மிரட்டியிருப்பார்கள். இவரோ, ரசீதில் இருக்கும் முகவரிகளுக்குப் போய்ப் பார்க்கலாம் வாருங்கள் என்றார். உச்சிவெயிலில் நடந்தே, நான் குடியிருந்த காஜா பேராங் பக்கம் போனோம்.

முதல் வீடு, எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருந்த செட்டி அம்மாவுடையது. மலாக்காச் செட்டிகளுக்குச் சாமியும் பெயரும் தமிழ், பேச்சு மலாய். மலாய்க்காரப் பெண்கள் போடும் கெபாயாச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாக வாசலுக்கு வந்தார். அவர் ஆறு தமிழ்ச் சொற்பொழிவுகள் ஆற்றியதாக ரசீது சொன்னது, கீழே தமிழில் கையெழுத்தும் இருந்தது. தணிக்கையாளர் தமிழில் விசாரித்தார். அந்த அம்மா திருதிருவென்று என்னைப் பார்த்தார். நான் மலாயில் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த மூன்று செட்டி வீடுகளிலும் இதே கதைதான்.

திரும்பும் வழியில் தணிக்கையாளர் நின்றார்.

"நீங்க இங்கயே வளந்தவங்க. பொய்க்கணக்கு எழுதுறதா இருந்தா, தமிழ் தெரியாதவங்க பேரையா எழுதுவீங்க? இது வெளியூர் ஆளு செஞ்ச வேலை."

தெருவென்றும் பாராமல் அழுதேன். அலுவலகத்தில் ஒருவர்கூட இப்படி எனக்காக யோசிக்கவில்லை. அழுகை ஓயும்வரை காத்திருந்துவிட்டு அவர் கேட்டார்:

"பேரைப் படிச்சிருந்தா, மொத ரசீதிலேயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

படித்ததே இல்லை என்றேன்.

அறிக்கையில் இரண்டையும் எழுதினார். நான் திருடவில்லை என்று ஒரு வரி, படிக்காமலே முத்திரை குத்தினேன் என்று ஒரு வரி. இரண்டாவதை விட்டுவிடுங்கள் என்று கெஞ்ச வாயெடுத்தேன். நல்லவேளை, கெஞ்சவில்லை. அது இருந்ததால்தான் முதல் வரியை மேலிடம் நம்பியது.