ஜெபத்துக்குக் காத்திருந்த வண்டி

2012 ஜூன் 14, வியாழன். காலை ஐந்தரைக்கு எழுந்தேன். இரவில் மழை பெய்து விட்டிருந்தது. தம்பி ஒரு நாளைக்குக் குடிக்கக்கூடிய எழுநூறு மில்லி தண்ணீரை அளந்து பாட்டிலில் ஊற்றி அவன் கட்டிலருகே வைத்தேன். ஆறே காலுக்கு உப்பில்லாத கஞ்சி. ஏழு மணிக்கு அவனைக் கைத்தாங்கலாக முற்றத்துக்குக் கூட்டிவந்து, காருக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்தேன். ஐந்து வாரமாக இதுதான் வழக்கம். டயாலிசிஸ் உள்ள செவ்வாயும் வெள்ளியும் மட்டும் விலக்கு.

தம்பி சவுதியில் வெல்டராக இருந்தவன். 2005இல் விடுமுறைக்கு வந்தபோது, மேட்டிலுள்ள எங்கள் தோட்டத்தில் ரப்பர் கன்றுகளை நட்டுவிட்டுப் போனான். அவை பால் வெட்டும் பருவத்துக்கு வந்தபோது அவனுடைய சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. தோட்டத்துக்கு ஏறும் ஒன்றரைக் கிலோமீட்டர் மண்பாதை மழைக்காலத்தில் சேறாகிவிடும். அவனால் நடக்க முடியாது. வாடகை ஜீப்காரர்களும் வர மறுத்தார்கள். நான் மாதாமாதம் மரங்களின் சுற்றளவை நாடாவால் அளந்து நோட்டில் எழுதி அவனுக்கு வாசித்துக் காட்டுவேன்.

ஒருநாள் சொன்னான்: "கணக்கு மதிண்ணே, வாசிச்சது போதும். எனக்கு அதுகள கையால தொட்டுப் பாக்கணும்."

அதற்காகத்தான் என் பழைய காரை அறுத்தோம். கூரையையும் கதவுகளையும் எடுத்துவிட்டு இரும்புக் குழாயில் கூடு கட்டினோம். வண்டியின் உடம்பை உயர்த்திப் பின்பக்கம் ஜீப் டயர் போட்டோம். அவன் சொல்வான், நான் செய்வேன். என் முதல் பற்றவைப்பைப் பார்த்து, "இது வெல்டிங்கா, காக்கா எச்சமா?" என்றான்.

"வாய வச்சிட்டுச் சும்மா இரி லே."

"அரபி பாத்தா ஒன்ன அடுத்த பிளேன்ல ஏத்தி விட்டிருப்பான்."

ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை. சேற்றில் ஏற டயரில் பாதிக் காற்று போதும் என்றான் அவன். குறித்த அளவில் குறையக் கூடாது என்றேன் நான்.

அந்த வியாழன் பகல் மூன்று மணிக்கு வேலை முடிந்தது. தம்பி தானே எழுந்து, குழாயைப் பிடித்தபடி முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.

"எடுண்ணே. மழ விட்டிருக்கு. ஒருக்கா போயிட்டு வந்திரலாம்."

எங்கள் வீட்டில் போதகர் வந்து ஜெபம் செய்யாமல் எந்த வண்டியையும் வெளியே எடுப்பதில்லை. அப்பா வாங்கிய சைக்கிள்கூட நான்கு நாள் சாய்ப்புக் கொட்டகையில் நின்றது. ஞாயிறு ஆராதனை முடிந்து வருவதாகப் போதகர் சொல்லியிருந்தார். நோட்டிலும் குறித்திருந்தேன். "மூணு நாளுதான மக்கா," என்றேன்.

"ஓட்ட வண்டிக்கு என்னத்துக்கு ஜெபம்? மேல கூரையே இல்ல. கர்த்தரு நேராப் பாப்பாரு."

நான் சிரித்தேன். சாவியை எடுக்கவில்லை. அவன் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரி, இறக்கி விடு," என்றான்.

இரவு ஒன்பது மணிக்கு மூச்சுத் திணறல் வந்தது. வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழித்துறைப் பாலத்தைத் தாண்டும்போது அவன் கை என் கையில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இறக்க வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு உறவினர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். வீட்டுக்குள் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். போதகர் அதுவரை வரவில்லை. நான் முற்றத்துக்குப் போய், பின்டயர் இரண்டிலும் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, வண்டியைத் தோட்டத்துப் பாதையில் ஏற்றினேன். எங்கும் சிக்கவில்லை.