வேறொருத்தியின் எச்சில்

அந்தக் குப்பியில் நான் கொண்டுபோய்க் கொடுத்தது என் அம்மாவின் எச்சில் அல்ல. முன்பின் தெரியாத ஒரு பூக்காரக் கிழவியின் எச்சில். இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

போலந்து நாட்டிலிருந்து ஓர் அம்மாள் எங்கள் கல்வராயன் மலைக்கு வந்தார். அவருடைய தாத்தாவின் அண்ணன், சுதந்திரம் வந்த புதிதில் எங்கள் ஊரில் காப்பி பயிரிட்டு, காய்ச்சலில் இறந்தவராம். தேவாலயப் பதிவேடுகள், கப்பல் பதிவுகள் எல்லாம் தேடி, குடும்பத்தையே ஒரு தாளில் கிளை கிளையாக எழுதி வைத்திருந்தார். அந்த ஒருவர் பெயருக்குக் கீழே மட்டும் ஒன்றுமில்லை.

என் அம்மாவுக்குப் பூனைக்கண். அப்பா யாரென்று பெற்றவள் சொல்லாமலே செத்துப்போனாள். ஊர் மட்டும் ஏசும்போது 'வெள்ளக்காரனுக்குப் பொறந்தவ' என்று சொல்லும்.

எச்சிலைச் சோதித்தால் உறவு தெரிந்துவிடும் என்றார் கூட வந்த மொழிபெயர்ப்பாளர். அந்நியர் முன் துப்ப அம்மாவுக்கு வெட்கம். அதனால் குப்பியை எங்களிடம் விட்டுவிட்டு அவர்கள் கள்ளக்குறிச்சி விடுதிக்கு இறங்கிவிட்டார்கள்.

மறுநாள் அம்மா துப்பிக்கொண்டே இருந்தார். வயதான வாய், ஈரமில்லை. என் மனைவி எதிரில் உட்கார்ந்து புளியை ஆட்டிக் காட்டினாள்.

"பாத்தாலே ஊறணும் அத்தை."

"ஒன் கொழம்பத் தின்னு தின்னு ஊறுறதே நின்னுபோச்சுடி."

ஒருவழியாக நிறைந்தது. அம்மா மூடியை இறுக்கி என்னிடம் தந்தார். "பத்திரமா எடுத்துக்கினு போடா. எங்கப்பன் பேரு இதுலதான் இருக்குது."

அப்போது என் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். விஷயம் உறுதியானால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்று பயந்தேன். பயம் மட்டும்தானா? 'பூனைக்கண்ணி மவன்' என்ற கேலிக்குக் கூசித்தானே நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டேன்... அந்தக் கூச்சமும்தான்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் குப்பியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். கழுவினேன். என் எச்சிலும் காட்டிக்கொடுக்கும். பூ விற்ற கிழவியிடம் போய் நின்றேன்.

"ஆயா, இதுல கொஞ்சம் துப்பிக் குடுங்க. ஆஸ்பத்திரிக்கு."

"இன்னாத்துக்குப்பா, சக்கரை பாக்கவா? எனக்கு எவ்ளோ இருக்குதுன்னு வந்து சொல்லிட்டுப் போவணும்."

வாயைக் கொப்பளித்துவிட்டுத் துப்பித் தந்தார். நல்ல மனசு. அதைத்தான் விடுதியில் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து மொழிபெயர்ப்பாளர் கூப்பிட்டார். உறவு இல்லையாம். அந்தப் பெயருக்குக் கீழே 'சந்ததி இல்லை' என்று எழுதி முடித்துவிட்டார்களாம்.

மகள் கல்யாணம் நடந்தது. பந்தியில் சம்பந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். "ஒங்கம்மா காப்பித் தோட்டத்து வெள்ளக்காரர் பொண்ணுன்னு எங்க பெரியவங்கல்லாம் அப்பவே சொல்வாங்க சம்பந்தி. நெறம் பேத்திக்கு வரலியே!"

அவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான் பாதிச் சோற்றோடு இலையை மூடினேன்.

மொழிபெயர்ப்பாளரின் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. எடுப்பேன், பெயரைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். வயல் வரை நடந்து திரும்பி வருவேன். மறுபடி எடுப்பேன். என்னவென்று சொல்வது? அதைவிட, அம்மாவிடம் என்னவென்று சொல்வது?

நேற்று சாமை புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏண்டா, நான் கம்மியாத் துப்பிட்டனா? அதனாலதான் தெரியாமப் போச்சா?"

"இல்லம்மா. போதுமான அளவு இருந்துச்சு."

அவர் தலையாட்டிவிட்டு மீண்டும் புடைக்கத் தொடங்கினார்.