தலையணைக்கடியில் ஒரு நோட்டு

தவளக்குப்பம் தனக்கொடி, கடற்கரைப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் ஒன்பது வருஷமாக அறை கூட்டி மெத்தை விரிப்பவள். பஸ் ஏறினால் டிரைவர் வரைக்கும் சிரிக்க வைக்கிற வாய். அந்தத் திங்கட்கிழமை, பதினோராம் எண் அறைத் தலையணையைத் தூக்கியதும் அந்த வாயே அடைத்துப்போயிற்று. அடியில் நூறு ரூபாய்!

மற்றவர்களுக்கு அது டிப்ஸ். இவளுக்கு வேலைக்கே வேட்டு. போன மாசம் ஒரு மோதிரம் காணோமென்று கூட வேலை பார்த்த சிந்துஜாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். மோதிரம் பிறகு விருந்தாளியின் சோப்புப் பெட்டியிலேயே கிடைத்தது, சிந்துஜாவுக்கு வேலைதான் திரும்பக் கிடைக்கவில்லை. அன்று முதல் சாயங்காலம் கேட்டில் பையைக் கொட்டிக் காட்டினால்தான் வெளியே விடுகிறார்கள். டிப்ஸ் என்றால் கையில் கொடுப்பார்கள், மேசைமேல் வைப்பார்கள். ஒளித்தா வைப்பார்கள்? தலையணை உறையை மாற்றி, நோட்டை இருந்த இடத்திலேயே, காந்தி மேலே பார்க்கும்படி வைத்துவிட்டு நழுவினாள்.

செவ்வாய்க்கிழமை இருநூறு. புதன்கிழமை ஐந்நூறு. ஐயோ சாமி, சோதனையேதான்! வியாழக்கிழமை இரண்டு ஐந்நூறு. தனக்கொடிக்குப் பொறுமை போயிற்று. பிரான்சில் பென்ஷன் வாங்கிக்கொண்டு, பிறந்த ஊருக்கு லீவுக்கு வந்து அந்த அறையில் தங்கியிருந்த மார்கரீத் அம்மா வெளியே போய்த் திரும்பும்வரை வாசலிலேயே துடைப்பத்தோடு நின்றாள்.

"வேலய புடுங்கணும்னா நேரா புடுங்கிடுங்க மேடம். தெனம் காச வச்சி சோதிக்காதீங்க!"

"மோன் தியே!" என்று பிரெஞ்சில் சாமியைக் கூப்பிட்டார் மார்கரீத் அம்மா. "அது உனக்கு வச்சதும்மா! நீ தொடவே மாட்டேங்கற. கம்மியா இருக்குன்னு கோவிச்சிக்கினியோன்னு தெனம் ஏத்திக்கினே வந்தேன். நாளைக்கி ரெண்டாயிரம் வைக்கலாம்னு இப்பதான் ஏடிஎம் போய்ட்டு வரேன்!"

"அடடா, நாளைக்கி கேட்டிருக்கலாமே!"

வாய் தவறி வந்துவிட்டது. மார்கரீத் அம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. தனக்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. இரண்டு நோட்டையும் கையில் வாங்கியபிறகுதான் கேட்டில் பையைக் கொட்ட வேண்டியது நினைவுக்கு வந்தது.

"ஒரு சீட்டு எழுதிக் குடுங்க மேடம்."

சாயங்காலம் காவலாளி ஹரிகிருஷ்ணன் பையைத் தொடுவதற்குள் சீட்டை நீட்டினாள். "படி."

"தனக்கொடிக்கு நான் மனசாரக் குடுத்தது. மார்கரீத்." படித்து முடித்ததும் அவன் பையைத் திறக்காமல் நகர்ந்து வழிவிட்டான்.

அவள் நகரவில்லை. "இன்னொரு வாட்டி சத்தமா படி. சிந்துஜாவ அனுப்புன மேனேஜருக்கும் கேக்கட்டும்."