லாமினேஷன் போட்ட கொலை

என் அக்கா செல்வகுமாரியின் கணவர் அரங்கநாதன் முப்பத்து மூன்று வருடம் மின்துறையில் மீட்டர் கணக்கெடுத்தவர். வில்லியனூர்க் கொம்யூனில், வட்டாரத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெயர் அது, அவர் நுழையாத வீடு கிடையாது. போன இடத்தில் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு திரும்புகிற ஆளில்லை அவர். யார் வீட்டுக்குப் புதிதாக ஏ.சி. வந்திருக்கிறது, யார் வீட்டு மாடியறை பகலிலும் பூட்டிக் கிடக்கிறது என்று மனதுக்குள் தனியாக ஒரு கணக்கும் எடுத்துக்கொண்டு வருவார். கொக்கி போட்டு மின்சாரம் இழுத்தவர்களில் மூன்று பேரைப் பணிக்காலம் முழுவதற்குமாகப் பிடித்திருக்கிறார். அதில் இரண்டு பேர் சொந்தக்காரர்கள். மூன்றாவது ஆள் தானாகவே வந்து ஒப்புக்கொண்டார். இருந்தாலும், போலீசுக்குப் போயிருக்க வேண்டிய தன் மூளை மீட்டர் பெட்டிக்குள் வீணாகிவிட்டது என்பது மாமாவின் நெடுநாள் வருத்தம். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே இவன்தான் கொலைகாரன் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவிடுவார். தப்பாகத்தான் சொல்வார். அதனால் யாருக்கும் படம் கெட்டதில்லை.

சென்ற வருடம் ஓய்வு பெற்றார். நான் இருப்பது பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம் வரும். ஓய்வு பெற்ற ஆண்கள் சும்மா உட்கார்ந்தே ஆறு மாதத்தில் படுத்துவிடுகிறார்கள் என்று எங்கோ படித்ததிலிருந்து மாமா எழுந்தாரா, நடந்தாரா என்று அக்காவைக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. மாதம் ஒரு பெட்டி தபாலில் வரும். உள்ளே ஒரு கொலை வழக்கின் தடயங்கள் இருக்கும்: கடிதம், வரைபடம், ரசீது, புகைப்படம். எல்லாம் கற்பனை; வீட்டில் உட்கார்ந்தபடி விடுவிக்க வேண்டிய புதிர். ஆறு மாதத்தில் ஆறு பெட்டி, ஆறாவதில் கொலைகாரன் சிக்குவான். பெட்டி ஒன்றுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குப் பக்கம். யூரோவில் மாற்றிப் பார்த்தேன், அற்பமாகத் தெரிந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்குச் செய்கிற அசட்டுத்தனமெல்லாம் இப்படி மாற்றிப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது.

அக்கா அதற்கு முந்தைய மாதம்தான் என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள். இரண்டு மணிக்கட்டிலும் வலி, துணி பிழியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஒரு வாஷிங் மெஷின் வாங்கித் தர முடியுமா என்று. பார்க்கிறேன் என்று சொன்னேன். பார்த்துவிட்டு, மாமாவுக்குக் கொலைப் பெட்டி அனுப்பினேன்.

முதல் பெட்டியை மாமா குளித்துவிட்டு வந்து பிரித்தாராம். மலைப்பக்கம் ஒரு காபித் தோட்டம். முதலாளி தன் அறையில் செத்துக் கிடக்கிறார். சந்தேகத்துக்கு நான்கு பேர்: சமையல்காரி, குடும்ப டாக்டர், தங்கை மகன், எஸ்டேட் மேனேஜர். நால்வருக்கும் புகைப்படம் இருந்தது. மாமா அவற்றைக் கூடத்துச் சுவரில் ஒட்டி, நடுவே சிவப்பு நூல் கட்டினார். உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுத் தையலம்மாள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா குமாரி, சொல்லவே இல்ல. இதுல மாப்ள யாரு?"

"மாப்ள இல்லக்கா. அதுல ஒரு ஆளு கொலகாரன்."

"அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்பறந்தான தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தையலம்மாள் மோரோடு போய்விட்டாள்.

காகிதங்களெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமா அவற்றைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிடுவார், நான் படித்துச் சொல்வேன். முதல் மாதம் சமையல்காரியைப் பிடித்தார், பார்வை சரியில்லையாம். இரண்டாம் மாதம் டாக்டர். மூன்றாம் மாதம் தங்கை மகன். சொத்து அவன் பேரில் எழுதியிருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றார். நான்காம் மாதம் மறுபடி சமையல்காரி. ஐந்தாம் மாதம், "மச்சான், செத்தவனே செத்த மாதிரி நடிக்கிறானோன்னு ஒரு டவுட்டு" என்றார். போஸ்ட்மார்ட்டம் அறிக்கை இரண்டாம் பெட்டியிலேயே வந்துவிட்டது மாமா என்றேன். அதை யார் எழுதியது, டாக்டர்தானே என்று கேட்டார்.

இதற்கு நடுவில் அவர் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் விவரமுள்ள யாரும் செய்வதுதான் என்பதால் ஒருவரும் தடுக்கவில்லை. 'தானே' என்று பேர் வைத்த புயலில் ஓடு பறந்து, வீட்டிலிருந்த காகிதமெல்லாம் கூழாகிப் போன நாளிலிருந்து மாமாவுக்கு லாமினேஷன் மேல் தெய்வ நம்பிக்கை. ரேஷன் கார்டு, பட்டா, கல்யாணப் பத்திரிகை, மிக்ஸி வாரன்ட்டி எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டன. இரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டியில் வந்த கடிதத்தை மட்டும் சும்மா விட்டுவிடுவாரா? பெட்டி வந்த மறுநாளே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வில்லியனூரில் அக்பர் அலியின் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுவார். அக்பர் அலி ஜெராக்ஸ் எடுப்பார், லாமினேஷன் இயந்திரம் அவர் மனைவி தாஜ் நிஷாவின் பொறுப்பு.

"கெட்டியா போடவா அண்ணே, மெல்லிசா போடவா?"

"கெட்டியாவே போடும்மா. பேரன் காலத்துக்கும் நிக்கணும்."

ஐந்தாம் மாதக் கடைசியில் அக்கா என்னைக் கூப்பிட்டாள். அடுத்த பெட்டியோடு சந்தா முடிகிறது. மாமா மேலும் ஆறு மாதத்துக்குக் கட்டச் சொல்லி உன்னிடம் கேட்கப் போகிறார். கட்டாதே, அந்தப் பணத்தில் எனக்கு மெஷின் வாங்கிக் கொடு என்றாள். நேற்று ஒரு போர்வையைப் பிழிந்துவிட்டுச் சோற்றுக் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்றாள். அரை மணி நேரம் கழித்து மாமா கூப்பிட்டார். இந்த ஐந்து மாதமாகத்தான் தான் மனிதனாக வாழ்வதாகச் சொன்னார். இரண்டு பேரில் ஒருவரையும் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் கிடையாது. ஆகவே ஒரு தீர்ப்புச் சொன்னேன்: ஆறாவது பெட்டி வந்து, மாதம் முடிவதற்குள் கொலைகாரனை மாமா தானாகவே கண்டுபிடித்தால் பெட்டி தொடரும். இல்லையென்றால் வாஷிங் மெஷின். அக்காவின் மணிக்கட்டை ஒரு காபித் தோட்டத்துக் கொலையின் மேல் பந்தயம் கட்டியிருக்கிறேன் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஆறாவது பெட்டியில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. படித்துச் சொன்னேன். முதல் பெட்டியின் கடிதத்தைத் தண்ணீரில் நனைக்கவும், மறைந்திருக்கும் எழுத்து தெரியும். மூன்றாம் பெட்டியின் வரைபடத்தைக் கோடு போட்ட இடங்களில் மடிக்கவும். நான்காம் பெட்டியின் சம்பளப் பட்டியலைப் பென்சிலால் தேய்க்கவும்.

போனில் மாமா பிளாஸ்டிக்கை விரலால் சுண்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"நனைக்கணும்னா, எவ்ளோ நனைக்கணும் மச்சான்?"

கடிதத்தைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கெட்டில் போட்டு வைத்தார். துடைத்து எடுத்ததும் முன்னைவிடப் பளபளப்பாக இருந்தது. வரைபடம் மடித்த கையை விட்டதும் விறைத்துக்கொண்டு எழுந்து நின்றது. சம்பளப் பட்டியலில் பென்சில் வழுக்கியது. சூடு பட்டால் பிளாஸ்டிக் இளகுமென்று அக்காவின் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் கடிதத்தின் மேல் வைத்தார். இளகத்தான் செய்தது, ஆனால் போய் ஒட்டிக்கொண்ட இடம் இஸ்திரிப் பெட்டி. கடிதத்தின் பாதி அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது.

"தொவைக்கத்தான் வூட்ல மெஷின் இல்ல" என்றாளாம் அக்கா. "தேய்க்கிறதுக்குன்னு ஒண்ணு இருந்துச்சு. அதயும் கொன்னாச்சு. இதுக்கு எந்த டாக்டர சந்தேகப்படப் போறீங்க?"

மறுநாள் மாமா வண்டியை எடுத்தபோது அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள். கடையில் நடந்ததை அவள்தான் பின்னால் எனக்குச் சொன்னாள்.

மாமா காகிதக் கட்டை மேசையில் வைத்து, "இதெல்லாம் கொஞ்சம் பிரிச்சிக் குடும்மா" என்றார்.

"எத அண்ணே?" என்றாள் தாஜ் நிஷா.

"லாமினேஷன."

தாஜ் நிஷா புருஷனைப் பார்த்தாள். அக்பர் அலி ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடியைச் சாத்திவிட்டு எழுந்து வந்தார்.

"பிரிக்கிற மாதிரி ஒட்டுனா நான் எப்பிடிண்ணே கடை நடத்துறது? இத்தினி வருசத்துல ஒட்டலன்னு சண்டைக்கு வந்தவங்க இருக்காங்க. ஒட்டிடுச்சின்னு வந்த மொத ஆளு நீங்கதான்."

"விளையாடாத அக்பரு. இதுக்குள்ள கொலகாரன் இருக்கான்."

"மேனேஜரத்தான சொல்றீங்க?" என்றாள் தாஜ் நிஷா.

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"உனக்கு யாரும்மா சொன்னது?"

"யாருண்ணே சொல்லணும். மெஷின் சூடாவுறதுக்குப் பத்து நிமிசம் ஆவும். சும்மா நிக்கிற நேரத்துல மாசாமாசம் படிச்சிட்டுதான் ஒட்டுவேன். மொத மாசம் வந்துச்சே, முதலாளிய மெரட்டுன மொட்டைக் கடுதாசி, அதுல தேதி இருக்கு பாருங்க, ஏழுக்கு நடுவுல ஒரு குறுக்குக் கோடு. நம்ம ஊர்ல அப்பிடி ஏழு போடுறது பிரெஞ்சு பென்ஷன் வாங்குற பெரியவங்கதான். இங்க வந்து ஃபாரம் எழுதுவாங்கல்ல, பாத்துப் பாத்துப் பழகிப்போச்சு. நாலாவது மாசம் நீங்க குடுத்த சம்பளப் பட்டியல்ல கையெழுத்துக்குப் பக்கத்துல தேதி எழுதும்போது மேனேஜரு அதே ஏழு போட்டிருக்கான். மத்த மூணு பேரும் சாதா ஏழு."

"அப்பவே சொல்றதுக்கின்னா?"

"நீங்க கேக்கலியே அண்ணே. கெட்டியா போடுன்னு மட்டுந்தான சொன்னீங்க."

அக்பர் அலி இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். மாமா கட்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, எவ்வளவு என்று கேட்டார். பிரிக்காததற்குக் காசு வாங்குவதில்லை என்றார் அக்பர் அலி.

இவை எதுவும் தெரியாத நான் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மாமாவைப் பார்த்தேன். தலைக்குச் சாயம் போட்டிருந்தார். கம்பெனிக்குப் பதில் அனுப்பியாகிவிட்டது, சரியான விடை என்று சான்றிதழும் வந்துவிட்டது. "தலைமைத் துப்பறிவாளர் அரங்கநாதன்" என்று ஆங்கிலத்தில் தங்க எழுத்தில் இருந்தது.

"மேனேஜர்தான் மச்சான். எனக்கு ஆரம்பத்திலேர்ந்தே அவன்மேல ஒரு கண்ணு."

"எப்படி மாமா பிடிச்சீங்க?"

"ஏழு. அவன் ஏழுக்கு நடுவுல கோடு போடுறான்."

நான் அசந்துபோனேன். இங்கே வந்த பிறகு நானும் அப்படித்தான் ஏழு போடுகிறேன். நான்காம் மாதப் பட்டியலை வரிவரியாகப் படித்துச் சொன்னதும் நான்தான். என் கண்ணில் படவில்லை. மாமாவின் மூளையை இத்தனை வருடம் குறைத்து எடைபோட்டுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. சரி மாமா, சந்தாவைத் தொடர்ந்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தோளுக்குப் பின்னால் அக்கா வந்து நின்றாள். கையில் சோப்பு நுரை.

"அப்ப நீங்களேதான் கண்டுபிடிச்சீங்க" என்றாள்.

"பின்ன?"

"சரி. எதுக்குக் கொன்னான்?"

மாமா கேமராவைப் பார்த்தார்.

"காசுக்குத்தான். வேற எதுக்கு."

"எந்தக் காசு? சொத்துதான் தங்கச்சி மவனுக்கு எழுதி வச்சிருக்கே. மேனேஜருக்கு அதுல ஒரு நயா பைசா வராதுன்னு நீங்கதான இந்தக் கூடத்துல நின்னுகினு சொன்னீங்க."

"கேஸே முடிஞ்சிபோச்சு. இப்ப எதுக்கு அதெல்லாம் நோண்டிகினு?"

"இல்ல, கண்டுபிடிச்ச ஆளுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு கேட்டேன். தாஜ் நிஷாகிட்ட அத மட்டும் கேக்க மறந்துட்டீங்களோ?"

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது மின்விசிறி மட்டும்தான். போனை மல்லாத்தி வைத்துவிட்டு மாமா எழுந்து போய்விட்டார். மூன்று இறக்கையும் மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதிரிப் பெட்டிகள் கொடுத்த காசுக்குத் தகுமா என்று இங்கே நண்பர்கள் கேட்கிறார்கள். தகும். முழு மதிப்பும் கிடைத்தது, கிடைத்த இடம்தான் வேறு: தாஜ் நிஷாவுக்கு ஐந்து மாதம் பொழுதுபோனது, கூடவே தாளுக்கு முப்பது ரூபாய் கூலி. அவர்கள் தயாரித்ததிலேயே கடினமான புதிரை விடுவித்தது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தாவை நிறுத்தலாமென்று கம்பெனியின் பக்கத்தைத் திறந்தேன். அடுத்த ஆறு மாதப் பணத்தை என் அட்டையிலிருந்து அதற்கு முந்தின நாளே எடுத்திருந்தார்கள். ரத்து செய்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அதற்கு ஒரு துப்பும் கொடுத்திருக்கவில்லை, சான்றிதழும் வரவில்லை. பணம் திரும்பி வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். மாமா எப்படி இருக்கிறார் என்றேன். சுவரிலிருந்த நால்வரையும் கழற்றிவிட்டார், யாரோடும் பேச்சில்லை, ஆனால் சாப்பாடு இறங்குகிறது என்றாள். எந்த மெஷின் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், அடக்க முடியாமல், "அக்கா, உண்மையில அந்த மேனேஜர் ஏன் கொன்னான்?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கின்னாடா தெரியும். செத்தவனும் காய்தம், கொன்னவனும் காய்தம். அத வுட்டுத் தள்ளு. மெஷினு மேல தொறக்கிறதா பாத்து வாங்கு. முன்னால தொறக்கிறதுன்னா குனியணும்."