தறிக்குழியில் கையைத் தூக்கியபடி

தறிச் சத்தத்தில் வானொலி காதில் விழாது. அதனால் நெய்துகொண்டே கேட்பதற்கென்று, ஹெட்போனுக்கு ஒலியைக் கூட்டித் தரும் வால்வுப் பெட்டியொன்றை எங்கள் ராசிபுரத்து வீட்டில் நானே கட்டினேன். அதற்கு முந்நூறு வோல்ட் மின்சாரம் தரும் இன்னொரு பெட்டி தறிக்குப் பக்கத்திலேயே இருந்தது. சூடு வெளியேறட்டும் என்று அதற்கு மூடி போடவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று, கேளுங்கள்.

ஒருநாள், ஊடை இழை ஓட்டும் நாடாவிலிருந்து தொங்கிய ஜரிகை இழை அந்தப் பெட்டிக்குள் விழுந்து, மின்சார முனைமேல் படிந்துவிட்டது. ஜரிகை என்றால் வெள்ளிக் கம்பி சுற்றிய நூல்தானே! அதன் மறுமுனை என் வயிற்றையொட்டி விரிந்திருந்த சேலையில். என் கால்களோ தறி மிதிக்கும் ஈர மண்குழிக்குள். சேலைமேல் கையூன்றாமல் மேலே ஏற வழியில்லை. வயிற்றை எக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் தூக்கியபடி உட்கார்ந்திருந்தேன். காதில் கச்சேரி அதுபாட்டுக்கு நடந்தது.

மனைவி உள்ளே வந்தாள். “ஏனுங்க, யாருகிட்டச் சரணடஞ்சிட்டீங்க?”

“கிட்ட வராத புள்ள! செவுத்துச் சுவிச்ச நிறுத்து.”

நிறுத்தினாள். பாட்டு தேய்ந்து அடங்கியது. இழையை எடுக்கக் கை நீட்டினாள்.

“தொடாத! நிறுத்துனாலும் பெட்டிக்குள்ள கரண்டு தங்கி நிக்கும்.”

“அப்பச் சோத்த அங்கயே ஊட்டி உடட்டுங்களா?” என்றாள். ஆனால் அவள் முகம் வெளுத்துவிட்டது.

காய்ந்த மூங்கில் குச்சியால் இழையை மெல்லத் தூக்கி விலக்கினாள். நான் ஏறி வருவதற்குள், சந்து விட்டுப் பின்னிய மூங்கில் கூடையொன்றைக் கொண்டுவந்து பெட்டிமேல் கவிழ்த்தாள்.

“ஏனுங்க, இதுல சூடு போகாதுங்களா?”