தண்ணி சரியில்லாத பங்குனி

அந்த வருஷம் மாசி போய்ப் பங்குனி பிறந்தும் எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் சரியாகவே இல்லை. அப்படித்தான் மாமா, என் அம்மாவின் தம்பி, சொல்லிக்கொண்டிருந்தார். ஆற்றில் கொடுவா மீனுக்குத் தூண்டில் போடுவதில் எங்கள் குப்பத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

பிள்ளைகளே, மாமாவின் தூண்டிலில் புழு இருக்காது, இறாலும் இருக்காது. வெள்ளைக் கோழி இறகை முள்ளின்மேல் வைத்துச் சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார். நைலான் நரம்பைத் தலைக்குமேல் சுழற்றி வீசினால் இறகு தண்ணீரில் போய் உட்காரும். சுண்டிச் சுண்டி இழுத்தால் குஞ்சு மீன் துள்ளுவது போலவே இருக்கும். கொடுவா கீழேயிருந்து வந்து வாயைப் பிளந்து அடிக்கும். மழைக்காலத்துச் சேறு அடங்கிக் காற்று தெற்கே திரும்புகிற மாசி, பங்குனிதான் அதற்குத் தோதான காலம்.

அந்தத் தடவை ஒரே ஒரு கொடுவாவுக்காக எங்கள் வீடே காத்திருந்தது. நைனா, எங்கள் அப்பா, வேலைக்குப் போன விசைப்படகின் முதலாளி தன் மகனுக்கு அக்காவைக் கேட்டிருந்தார். அக்கா என்றால் உங்கள் அத்தை. அப்போது பத்தாம் வகுப்பு, பரீட்சை நெருங்கிவிட்டது. உறுதி, அதாவது நிச்சயதார்த்தம், ஆன அன்றோடு பெண் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட வேண்டும் என்று முதலாளி வீட்டில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பெண்ணின் தாய்மாமன் தன் கையால் தூண்டில் போட்டு, வலை படாத கொடுவா ஒன்றைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மீன் போனால்தான் சம்மதம் போனதாக அர்த்தம். நைனா கையைக் கட்டிக்கொண்டு, "ஆவட்டும் மொதலாளி, மீனு கெடச்சதும் அனுப்பிடுறேன்" என்று சொல்லியிருந்தார். அந்தப் படகுதான் எங்களுக்குச் சோறு போட்டது.

மீன் எல்லோரையும்விட எனக்குத்தான் அவசரமாகத் தேவைப்பட்டது. உறுதி அன்றைக்கு எனக்கு முழு பேன்ட் தைத்துத் தருவதாக முதலாளி வாயாலேயே சொல்லியிருந்தார். அதுவரை அரை டவுசரைத் தவிர வேறு எதையும் போட்டறியாதவன் நான். வகுப்பில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். மணி அடித்ததும் பையை வீட்டுக்குள் வீசிவிட்டு ஆற்றுக்கு ஓடுவேன். மாமா மணல் திட்டில் முட்டியளவு தண்ணீரில் நின்று வீசிக்கொண்டிருப்பார்.

"கெடச்சுதா மாமா?"

"தண்ணி கண்ணாடியாட்டம் கீதுடா. நரம்பு மீனுக்குத் தெரிஞ்சுபூடுது."

மறுநாள் தண்ணீர் கலங்கியிருக்கும். "இறகு எங்க கீதுன்னு மீனுக்கே தெர்ல," என்பார். அதற்கு மறுநாள் காற்று. காற்று விழுந்தால் கடல் ஏற்றம் இல்லை. ஏற்றம் வந்தால் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதாம், கொடுவாவுக்குப் பசிக்காதாம். ஒரு மீனுக்கு இத்தனை சலுகையா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

வீட்டில் அக்காவும் நிலைகொள்ளாமல் இருந்தாள். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக் கொடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே படிப்பாள். பேனா மூடியைக் கடித்துக் கடித்து அது சப்பிப் போய்விட்டது. மாமா ஈர லுங்கியோடு வந்ததும் அவளும் கேட்பாள்.

"தண்ணி எப்டி மாமா?"

"சரியில்ல கண்ணு. நீ படி."

நைனா மட்டும் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். "இன்னாடா மச்சான், ஒரு மீன புடிக்கத் துப்பில்ல, நீயெல்லாம் தாய்மாமனா? மொதலாளி மூஞ்சில நான் எப்டி முழிக்கறது?" மாமா தலையைக் குனிந்துகொண்டு அம்மா தந்த டீயைக் குடிப்பார். எனக்கு நைனா கத்துவது நியாயமாகவே பட்டது.

ஒரு சாயங்காலம் என் கண்ணெதிரிலேயே தண்ணீர் பிளந்தது. நல்ல பெரிய கொடுவா, வெள்ளி வயிறு பளிச்சென்று தெரிந்தது. நரம்பு விறைத்தது, அடுத்த நொடியே தொய்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று அடித்தது, அதுவும் போயிற்று. மாமா சிரித்துக்கொண்டே நரம்பைச் சுருட்டி மணலில் வைத்துவிட்டு பீடி பற்ற வைக்கப் போனார். நான் இறகை விலக்கிப் பார்த்தேன். முள்ளில் முனையே இல்லை. குறடு வைத்துக் கத்தரித்தது போல மொண்ணையாக இருந்தது.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் எனக்கு மூச்சு முட்டியது. பாவம், மாமா கவனிக்கவே இல்லை. நரம்பைப் பல்லால் கடித்து அறுத்து, இறகோடு முள்ளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வீட்டில் முதலாளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நைனா நின்றுகொண்டிருந்தார். "இன்னாபா, ஒரு கொடுவாவுக்கு இம்மாம் நாளா? மார்க்கெட்ல ஒண்ணு வாங்கிட்டு வா, வேலைய முடிப்போம்" என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். "மொறைன்னு ஒண்ணு கீதே மொதலாளி. நாளைக்கு ஊரு உங்களத்தான் பேசும்" என்றார் நைனா.

நான் நடுவில் புகுந்து, "நைனா, மாமா தூண்டில்ல முனையே இல்ல" என்றேன்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள். அக்கா நடப்பதை நிறுத்திவிட்டாள். முதலாளி என் கையைப் பார்த்தார். அவர் எட்டுவதற்குள் நைனா முள்ளை வாங்கிக் கட்டைவிரலை அதில் வைத்து அழுத்தினார். உடனே 'ஸ்' என்று விரலை இழுத்து வாயில் வைத்துச் சப்பினார்.

"ஊசியாட்டம் கீது மொதலாளி. பையனுக்குப் படிப்பு வர்ற அளவுக்குத் தொழில் வர்ல."

முதலாளி சிரித்தார். நைனாவும் சிரித்தார். முள் அவர் லுங்கி மடிப்புக்குள் போய்விட்டது. முதலாளி கிளம்பிப் போனதும் அதை எடுத்து என்னிடம் தந்து, "மாமன்கிட்டயே குடுத்துடு. வேற யார்கிட்டயும் காட்டாத, கைல குத்திக்கும்" என்றார். என் விரலை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தேன். எனக்குக் குத்தவே இல்லை.

பரீட்சை ஆரம்பித்தது. தண்ணீர் அப்போதும் சரியாகவில்லை. பாதிப் பரீட்சையில் முதலாளி வீட்டில் பொறுமை இழந்து திருவொற்றியூரில் வேறு பெண்ணை உறுதி செய்துவிட்டார்கள். என் பேன்ட் போயிற்று. நைனா தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் மாமாவைத் திட்டினார். மறுநாள் வழக்கம்போலப் படகுக்கும் போனார்.

அக்கா கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று மாமா ஒரு கொடுவாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அதன் வால் அவர் இடுப்பைத் தொட்டது. அம்மா குழம்பு வைத்தாள். எப்போதும் நைனாவுக்குப் போகிற நடுத்துண்டு அன்றைக்கு அக்கா தட்டில் விழுந்தது. நைனா அதைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னிக்குத்தான்டா மச்சான் தண்ணி சரியாச்சு" என்றார்.

கையைக் கழுவியதும் ஆற்றுக்கு ஓடிப் பார்த்தேன். அதே கலங்கல், அதே காற்று. நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து கடலிலேயே கிடக்கிற மனுஷன். பாவம், நைனாவுக்குத் தூண்டிலும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லையே என்று.